நீர்மேற் சவாரி

பெந்தோட்டை ஆறு கடலிற் கலப்பதற்கு முன்னர் சிறிது தூரம் கடற்கரைக்குச் சமாந்தரமாகவே ஓடுகின்றது. ஒரு பக்கத்தில் தென்னைகள் நிறைந்த ஒடுங்கிய மணற்றிட்டு. அதற்கப்பால் ஓயாது அலையெறியும் இந்து சமுத்திரம். மறுபக்கத்தில் அளுத்கம ஊர். நடுவே அலையின்றிப் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. மேல் மாகாணத்தையும் தென் மாகாணத்தையும் பிரிக்கின்ற எல்லையும் இந்த ஆறேயாகும். கடலின் கொந்தளிப்பு எட்டாத இத்தகைய நீர்ப்பரப்பு நீர் விளையாட்டுக்கு மிக வாய்ப்பானது. ஆகையினாலேயே உள்நாட்டவரும் வெளிநாட்டவருமாக உல்லாசப் பிரயாணிகள் இங்கு வந்து குவிகின்றனர்.

கடந்த மார்கழி விடுமுறையில் நாமும் குடும்ப சமேதராய் அங்கு சென்றிருந்தோம். எம்முடன் வந்தவர்களுள் என் தமக்கையாரின் மகனும் ஒருவன். வயது பத்தொன்பது. ஊரிலே மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் மகா வல்லவன் என்று பெயரெடுத்தவன். அந்தப் பெயரை அவனுக்கு வழங்கியவனும் அவனே. ஆற்றிலே சீறிப் பாய்ந்து கொண்டிருந்த ஜெற் ஸ்கீ வண்டிகளைக் கண்டதும் அவனுடைய கால் தரையில் நிற்கவில்லை. தாயார் வேண்டாமென்றார். நான் சிபாரிசு செய்தேன். பின்னர் நிகழ்ந்ததில் எனக்கும் பங்குண்டு என்பதனாலேயே இதனை இங்கு குறிப்பிடுகின்றேன்.

வாடகைக்கு வண்டி கொடுத்த இளைஞர் ஒரு பாதுகாப்பு அங்கியை அவனுக்கு மாட்டிவிட்டார். வலக் கைப்பிடியிலுள்ள அக்சிலேற்றரைக் காட்டினார். “இதை அழுத்தினால் ஓடும்” என்று அரைகுறைத் தமிழிற் கூறினார். மருமகன் என்னைப் பார்த்து, “மாமா, பிறேக் எங்கை இருக்குது எண்டு கேளுங்கோ” என்றான். கேட்டேன். இளைஞர் சிரித்தார். “பிறேக் இல்லை. கையை விட்டால் நிற்கும்.” பாடம் இவ்வளவுதான். ஒரு நிமிஷமும் ஆகியிராது.

பத்து நிமிஷம் யாவும் நன்றாகவே நடந்தது. அதன்பின்னர் ஆற்றின் வளைவிலிருந்து ஒரு படகு வெளிப்பட்டது. கண்டற் காடுகளுக்குள் பிரயாணிகளை அழைத்துச் சென்று முதலையையும் கபரக்கொய்யாவையும் காட்டிவரும் படகுகளுள் அதுவும் ஒன்று. அதிலே சிறு பிள்ளைகள் இருந்தனர். மருமகன் நேரே அப்படகை நோக்கி விரைந்து வந்துகொண்டிருந்தான். படகைக் கண்டான். பயந்தான். அக்சிலேற்றரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கைப்பிடியை முழுமூச்சாக வலப்புறம் திருப்பினான். வண்டி திரும்பவில்லை! கைப்பிடி ஒரு பக்கமும் வண்டி வேறு பக்கமுமாக, எய்த அம்புபோல் நேரே சென்றது. படகோட்டியான முதியவர் அநுபவசாலி. கண் இமைக்கும் நேரத்தில் தமது இயந்திரத்தை முடுக்கிப் படகை ஒதுக்கிக்கொண்டார். இரண்டுக்கும் இடையே இருந்தது இரண்டு பாகத் தூரமே.

கரைக்கு வந்தவனின் முகத்தில் இரத்தமே இல்லை. “நான் வடிவாத் திருப்பினனான் மாமா, அது திரும்பேல்லை” என்று அதனையே திரும்பத் திரும்பச் சொன்னான். பழுதான மெசினைத் தந்துவிட்டார்கள் என்று தமக்கையார் ஆத்திரப்பட்டார். வண்டியில் யாதொரு பழுதும் இருக்கவில்லை. அது எவ்வாறு இயங்கும்படி அமைக்கப்பட்டதோ அவ்வாறே இயங்கிற்று. “கையை விட்டால் நிற்கும்” என்ற பாடத்திலேதான் குறை இருந்தது. அது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. மற்றைப் பாதியைச் சொல்லாது விட்டமையால் ஒரு பெரிய துன்பம் நேரவிருந்தது.

அம்மற்றைப் பாதியை விளக்குமுன் இவ்வண்டியின் பெயரையும் பிறப்பையும் பற்றி இரண்டொரு வார்த்தை. ‘ஜெற் ஸ்கீ’ என்பது யப்பானின் கவசாகி நிறுவனத்தார் தமது வண்டிக்கு இட்ட வியாபாரப் பெயர். உலகம் அதனையே இவ்வினத்து வண்டிகள் யாவற்றுக்கும் பொதுப்பெயராக்கிவிட்டது. தமிழில் என்ன பெயர் இடலாம் என்று என் மாணவரிடம் ஒருமுறை கேட்டேன். ‘நீர்க்குதிரை’ என்றான் ஒருவன். அழகான பெயர்தான், ஆனால் ஆபிரிக்க ஆறுகளில் வாழும் பெருமிருகம் ஒன்று அப்பெயரை முன்னரே கைப்பற்றிக்கொண்டது. ஆகவே வழக்கிலுள்ள பெயரையே நானும் கையாளுகின்றேன்.

இவ்வண்டிக்கு உயிர்நாடியான நீர்த்தாரை முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை நியூசிலாந்து தேசத்துப் பண்ணையாளர் ஒருவரையே பெரிதும் சாரும். வில்லியம் ஹமில்ரன் (1899-1978) என்பது அவர் பெயர். அந்நாட்டுத் தென் தீவில் உள்ள கன்ரபரி மாகாணத்து ஆறுகள் மிக ஆழமற்றவை, கூழாங்கல் நிறைந்தவை. சாதாரண மோட்டார்ப் படகின் சுழல்விசிறி கீழே நீட்டிக்கொண்டிருப்பதனால் அங்கு கல்லில் அடிபட்டு உடைந்துவிடும். விசிறியைப் படகின் வயிற்றுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று ஹமில்ரன் சிந்தித்தார். அடியிலுள்ள ஒரு வாயினால் நீரை உள்ளிழுத்துப் பின்புறத்தால் விசையுடன் பீறிடச் செய்தார். 1950களில் இம்முயற்சி வெற்றி பெற்றது. 1960ஆம் ஆண்டில் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை, அதன் பெரும் பள்ளத்தாக்கின் ஊடாக, ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியே ஏறிச் சென்று உலகை வியப்பில் ஆழ்த்தின.

ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறு வண்டிக்கு இம்முறையைப் பொருத்தியவர் அமெரிக்கரான கிளேற்றன் ஜேக்கப்சன் என்பவர். இவர் வங்கியில் உத்தியோகம் பார்த்தவர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மோகம் கொண்டவர். தரையில் விழுந்து உடம்பைத் தேய்த்துக்கொள்வதிலும் தண்ணீரில் விழுவது சுகமன்றோ என்ற எண்ணம் 1960களின் தொடக்கத்தில் அவருக்கு உதித்ததாம். உத்தியோகத்தை உதறிவிட்டு இம்முயற்சியில் இறங்கினார். கனடாவின் பொம்பார்டியர் நிறுவனத்தார் அவருடன் உடன்படிக்கை செய்து 1968இல் ‘சீ டூ’ என்ற வண்டியை வெளியிட்டனர். அது அப்பொழுது நிலைக்கவில்லை. பின்னர் கவசாகி நிறுவனத்தார் 1973இல் நின்றுகொண்டே ஓட்டும் ஜெற் ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1980களின் பிற்பகுதியில் யமகா நிறுவனத்தார் இருந்து ஓட்டும் வண்டியை வெளியிட்ட பின்னரே, நின்று பழகாத சாதாரண மனிதரும் பெண்டு பிள்ளைகளும் இதில் ஏறத் தொடங்கினர்.

மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரின் கற்பனையிற் பிறந்தமையால் இவ்வண்டியின் தோற்றமும் மோட்டார் சைக்கிளையே ஒத்திருக்கின்றது. கைப்பிடி உண்டு, நீண்ட ஆசனம் உண்டு, விரலால் அழுத்தும் அக்சிலேற்றரும் உண்டு. ஏறியவுடன் நம் கையும் காலும் தரையிற் கற்ற பழக்கத்தையே நாடுகின்றன. அங்கேதான் ஆபத்து ஆரம்பமாகின்றது.

எவ்வாறு என்று பார்ப்போம். சாதாரண படகுக்குச் சுக்கான் உண்டு. இயந்திரம் நின்றாலும், படகு ஓடிக்கொண்டிருக்கும் வரையில், சுக்கானை மோதிச் செல்லும் நீர் அதனைத் திருப்பும். ஜெற் ஸ்கீக்குச் சுக்கான் இல்லை. அதன் அடியிலே கம்பித் தட்டு இட்ட ஒரு வாய். அவ்வாயினூடே நீரை உறிஞ்சும் சுழலி. பின்புறத்தே நீர் பீறிடும் ஒரு தாரைக்குழல். நாம் கைப்பிடியைத் திருப்பும்பொழுது திரும்புவது அத்தாரைக்குழல் ஒன்றே. பூந்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் றப்பர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் விசையாக வரும்பொழுது குழாயின் நுனி கையைப் பின்னுக்குத் தள்ளுகின்றது. பிடியை விட்டால் பாம்புபோல் நெளிந்து ஓடுகின்றது. தாக்கம் எவ்வளவோ மறுதாக்கமும் அவ்வளவு என்ற நியூற்றனின் மூன்றாம் விதியே இது. குழாயைப் பூட்டியபின் நுனியை எப்பக்கம் திருப்பினாலும் கையில் யாதொரு தள்ளலும் தோன்றாது.

அக்சிலேற்றரிலிருந்து கையை எடுப்பது குழாயைப் பூட்டுவதற்குச் சமம். தாரை அடங்கிவிடுகின்றது. தாரை இல்லையேல் திருப்புவதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் வண்டியின் வேகம் அந்தக் கணத்திலேயே அடங்குவதில்லை. பெரிய வண்டிகள் 300 கிலோகிறாமுக்கும் மேற்பட்ட நிறையுடையன. அதன்மேல் மனிதரின் நிறை வேறு. சடத்துவம் அவ்வளவையும் முன்னே கொண்டு செல்கின்றது. தடுப்பது நீரின் உராய்வு மாத்திரமே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஒருவர் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றார். கண்டதை மூளை உணர்ந்து கை செயற்படுவதற்கே ஒரு செக்கன் வேண்டும். அதன் பின்னரும் வண்டி மேலும் பலபத்து மீற்றர் நேர்கோட்டில் வழுக்கிச் செல்லும். இக்காலத்துப் பெரிய வண்டிகள் மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேல் ஓடவல்லவை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, எதிரே ஒரு பொருள் மிக நெருங்கிவிட்டதென்றால், அக்சிலேற்றரை விடாமல் அழுத்தியபடியே கைப்பிடியைத் திருப்பவேண்டும். கேட்பதற்கு இது விபரீதமாகவே தோன்றும். பயந்தவன் கை தானாகவே பிடியை விடும். சைக்கிளிலிருந்து மோட்டார் வண்டி வரையில் நாம் கற்ற யாவும் விசையைக் குறை என்றே சொல்லும். ஜெற் ஸ்கீயிலோ விசையைக் குறைத்தவன் வண்டியை விதியின் கையில் ஒப்படைத்தவனாகின்றான். தூரம் இருக்கும்பொழுது வேகத்தைக் குறைத்துக்கொள்வது முதல் விவேகம். தூரம் இல்லாதபொழுது அழுத்தித் திருப்புவது இரண்டாவது. எங்கள் பிள்ளை முதலாவதைச் செய்யத் தவறினான். இரண்டாவதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இக்குறையை நிறுவனத்தாரும் அறியாதவரல்லர். கையை விட்ட பின்னரும் ஓரளவுக்குத் திரும்பக்கூடிய உபாயங்களைப் பிற்காலத்து வண்டிகளிற் பொருத்தினர். 2009இல் சீ டூ வண்டிகள் சிலவற்றில் முதன்முதலாகப் பிறேக் இடம்பெற்றது. தாரைக்குழலின் பின்னே ஒரு மூடி இறங்கி, பீறிடும் நீரை முன்னோக்கித் திருப்பி வண்டியை இழுத்துப் பிடிப்பதே அதன் தந்திரம். சில ஆண்டுகளின் பின்னர் யமகாவும் இதுபோன்ற ஒன்றை வெளியிட்டது. எனினும் வாடகைக்குக் கிடைப்பவை எல்லாம் புத்தம் புதியனவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஏறுமுன், “இதில் பிறேக் உண்டா? கையை விட்ட பின் எவ்வளவு தூரம் போகும்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதிற் கூச்சப்படவேண்டாம், காசு நம்முடையது, உயிரும் நம்முடையது.

நீரில் மரணம் என்றாலே மூழ்கிச் சாவது என்றுதான் நாம் எண்ணுவோம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1998ஆம் ஆண்டில் இவ்வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. உல்லாசப் படகு வகைகளுள், மரணத்துக்குத் தலையாய காரணம் மூழ்குதலாக இல்லாத ஒரே வகை இதுவே என்று அவ்வாய்வு கண்டது. இதில் இறந்தோர் பெரும்பாலும் மோதுண்டு, உடம்பில் விழுந்த கடும் அடியினாலேயே இறந்தனர். பாதுகாப்பு அங்கி மூழ்காமற் காக்கும். மோதலிலிருந்து முழுதும் காக்க அதனாலாகாது. அங்கி அணிந்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கவேண்டும். விபத்திற் சிக்கிய ஓட்டுநருட் பெரும்பாலோர் முறையான பயிற்சி பெறாதவர் என்பதும் அதே ஆய்வில் வெளியான உண்மை.

இதனால் அங்கி வேண்டியதில்லை என்பது பொருளன்று. அங்கியில்லாமல் ஏறுவது தற்கொலைக்கு ஒப்பானது. அது உடம்புக்கு அளவானதாக இருத்தல் வேண்டும். வார்களை எல்லாம் இறுக்கிப் பூட்டவேண்டும். பூட்டியபின் தோளில் இரு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதளவுக்கு ஏறுமாயின் அது நீரில் விழுந்தவுடன் உங்களைக் கழற்றிவிட்டுத் தான் மாத்திரம் மிதக்கும்.

அங்கிக்கு நிகரான இன்னொன்று ஒரு சிறு கயிறு. இதன் ஒரு நுனி ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ அங்கியிலோ மாட்டப்படும். மறுநுனி கைப்பிடிக்கருகே உள்ள விசையிற் பொருந்தும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் அக்கணமே நின்றுவிடும். ஆளில்லாத வண்டி ஓடிப்போய் நீந்துவோரை இடிப்பதையும், விழுந்தவர் ஆழத்தில் தனித்து விடப்படுவதையும் தடுப்பது இக்கயிறே. இதனைக் கைப்பிடியிற் சுற்றிவிட்டு ஓடும் வீரர்களை நான் கண்ணாற் கண்டிருக்கின்றேன். எங்கள் மருமகனும் அன்று அவர்களுள் ஒருவனே.

விழுந்தவர் வண்டியைப் பின்புறமாக நீந்தி அடையவேண்டும், இயந்திரம் நின்றிருக்கவேண்டும். வண்டி குடை கவிழ்ந்திருந்தால் எப்பக்கமாகப் புரட்டவேண்டும் என்பதைக் காட்டும் அடையாளம் அதன் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மாறிப் புரட்டினால் இயந்திரத்துக்குள் நீர் புகுந்துவிடலாம். பின்பு ஒவ்வொருவராக, நடுவே பிடித்து ஏறுதல் வேண்டும்.

இனி, பெண்மக்களுக்கும் பின்னாசனத்தில் இருப்போருக்கும் விசேடமாகச் சொல்லவேண்டியவை சில உண்டு. வண்டியின் அடியிலுள்ள வாய் நீரை மாத்திரம் உறிஞ்சும் என்று எண்ணவேண்டாம். அவிழ்ந்த கூந்தல், சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் வார் ஆகிய எதையும் அது இழுத்துக்கொள்ளும். நம் பெண்கள் அணிந்த ஆடையோடேயே, அதற்குமேல் அங்கியை மாட்டிக்கொண்டு, கணவன் பின்னாலோ தமையன் பின்னாலோ ஏறுவதைப் பலமுறை காணலாம். உடம்போடு ஒட்டிய ஆடை அணிந்து, கூந்தலை முடிந்து உள்ளே செருகிக்கொண்டு ஏறுவதே முறை.

இன்னொன்று சொல்லக் கூசும் விஷயம். ஆயினும் வண்டியிலேயே எச்சரிக்கையாக எழுதி ஒட்டப்பட்டிருக்கும் ஒன்றைக் குடும்பப் பத்திரிகையில் மறைப்பதனால் எவருக்கும் நன்மை இல்லை. ஓட்டுபவர் திடீரென்று முடுக்கும்பொழுது பின்னாலிருப்பவர் பின்புறமாகவே விழுகின்றார். அவர் விழுகின்ற இடத்திலேதான் தாரை பீறிடுகின்றது. அவ்விசை உடம்பின் கீழ்த் துவாரங்களினூடே புகுந்து குடலையும் பிற உள்ளுறுப்புக்களையும் கிழித்துவிடக்கூடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வபாயம் உண்டு. சாதாரண நீச்சலுடை இதனைத் தடுக்காது. நீர் விளையாட்டுக்கென்றே செய்யப்படும் தடித்த றப்பர் காற்சட்டையே பாதுகாப்புத் தரும். அது கிடையாதாயின், பின்னாசனத்தில் எவரையும் ஏற்றிக்கொண்டு வேகம் காட்டாதிருப்பது உத்தமம். பின்னாலிருப்பவர் முன்னாலிருப்பவரை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். முடுக்குமுன் ஓட்டுபவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

சிறு பிள்ளைகளை ஓட்ட விடுவதைப் பற்றி இரண்டு பேச்சுக்கு இடமில்லை. பதினாறு வயதுக்குக் குறைந்தோர் ஓட்டலாகாது என்பது இவ்வண்டிகளைச் செய்யும் நிறுவனத்தாரின் எச்சரிக்கை. கனடாவில் இதுவே சட்டம். அங்கு கோடையில் ஏரிக்கரைகளுக்குச் செல்லும் நம்மவர் பலர். அவர்கள் இதனைக் கவனிப்பாராக.

ஜெற் ஸ்கீ விளையாட்டுப் பொருளா, கலமா என்ற கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரையிற் சென்றது சுவையான கதை. ஒருவர் தமது வண்டியினால் மற்றொருவரின் வண்டியை மோதிக் கடுங்காயம் விளைவித்தார். கப்பற் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியெனக் காணப்பட்டார். 2005ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குச் செல்வதே கடற்பிரயாணம். சும்மா வட்டமிட்டுத் திரிவது பிரயாணமன்று. ஆகவே இது கப்பலன்று என்பது நீதிபதிகளின் வாதம். தர்க்கத்துக்கு அது பொருந்தலாம். அடிபட்டவருக்கு அதனால் என்ன ஆறுதல்? 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் தேதி முதல் அங்கு புதிய சட்டம் வந்து, ஜெற் ஸ்கீ ஓட்டுவோரையும் கப்பல் ஓட்டுவோருக்குரிய பாதுகாப்பு விதிகளுக்குள் அடக்கிற்று. மீறுவோருக்கு இரண்டு வருடம் வரையில் மறியல் உண்டு.

எனவே நீர்மேல் ஏறியவன் மாலுமியே. நீருக்கும் வீதி ஒழுங்கு உண்டு. நம் நாட்டுத் தெருவில் இடப்பக்கமாகச் சென்று பழகியவர்களுக்கு இது சற்றுத் தடுமாற்றம் தரும்: நேருக்கு நேர் இரண்டு கலங்கள் சந்திக்குமாயின் இரண்டும் வலப்புறமாகவே விலகவேண்டும். குறுக்கே வருவதாயின், தன் வலப்புறத்திலே மற்றொன்றைக் காண்பவரே வழிவிடவேண்டும். முந்திச் செல்பவர், முந்தப்படுபவருக்கு இடைஞ்சல் இல்லாமல் விலகிச் செல்லவேண்டும். பாய்மரத்தில் ஓடும் வள்ளத்துக்கும், வலை விரித்திருக்கும் மீனவருக்கும் என்றும் இடம் விடவேண்டும். அவர்கள் பிழைப்புக்காக நீரில் நிற்பவர்கள். நாம் பொழுது போக்க வந்தவர்கள். அவர்களுடைய வலையைக் கிழித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு செல்வது எந்தச் சட்டப் புத்தகத்தில் இல்லாவிடினும் அநியாயமே.

படகு ஒன்றின் பின்னே ஒட்டிச் சென்று அது கிளப்பும் அலையிலே துள்ளுவது இளைஞருக்கு மிக விருப்பமான விளையாட்டு. முன்னே செல்லும் படகு எதிரே வருவதை மறைத்துவிடுகின்றது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. திடீரென்று வளையுமுன் பின்னே திரும்பிப் பார்ப்பவரும் அரியர். வண்டியின் இரைச்சலில் பின்னால் வருபவரின் சத்தம் காதில் விழாது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வேகமாகச் செல்லும் ஜெற் ஸ்கீ நீரிலுள்ள மனிதரிடமிருந்து 60 மீற்றராவது விலகியிருத்தல் வேண்டும் என்பது விதி. அங்கு இதனை ஓட்டுவதற்குத் தனி அநுமதிப்பத்திரமும் வேண்டும். விதி எழுதப்படாத இடத்திலும் இந்த 60 மீற்றரை மனத்திற் கொள்வதால் நட்டம் ஒன்றுமில்லை.

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். முழங்காலளவு நீரில் இயந்திரத்தை இயக்கினால் மணலும் கல்லும் உள்ளே ஏறும். மூன்றடி ஆழமாவது வேண்டும். பெற்றோல் ஊற்றும்பொழுது எவரும் மேலே இருத்தலாகாது. ஊற்றியபின் ஆசனத்தைத் திறந்து ஆவி வெளியேறவிட்டே இயக்கவேண்டும். இவ்வண்டிகளில் பொதுவாக இரவு விளக்கு இல்லாமையால் பொழுது சாயுமுன் கரையேறிவிடவேண்டும். தென்மேற்குக் கரையிலே சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையில் கடலுக்குள் இறங்கும் எண்ணமே வேண்டாம். மது அருந்தியவனைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்க நான் விரும்பவில்லை.

இவ்வளவையும் வாசித்தவர்கள் நான் இவ்வண்டிக்கு விரோதி என்று எண்ணிவிடக்கூடாது. ஹவாயித் தீவுகளின் உயிர்காப்பாளர் இதன் பின்னே ஒரு மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு, மலைபோல் எழும் அலைகளுக்கிடையே புகுந்து, நீந்தி அடைய முடியாத இடத்திலிருந்து மனிதரை மீட்டு வருகின்றனர். வெளியே சுழலும் விசிறி இல்லாமையால் நீரிற் கிடப்பவரின் அருகே செல்ல இது வாய்ப்பாயிற்று. அதே வண்டி; அதே தாரை. ஆனால் அவர்கள் அதனை ஒரு நிமிஷத்தில் கற்றவர்களல்லர்.

மறுநாட் காலை ஏழு மணிக்கு மருமகனை மீண்டும் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். அவன் வர விரும்பவில்லை. தாயார் என்னோடு பேசவே இல்லை. ஆற்றில் அப்பொழுது ஒரு படகும் இறங்கியிருக்கவில்லை. ஒரு தேங்காய் மட்டையைத் தூர வீசினேன். அங்கியை இறுக்கி, கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அவன் சென்றான். முதல்முறை மட்டைக்கு நேரே வரும்பொழுது கையை விட்டுவிட்டுத் திருப்பினான். வண்டி மட்டையை மிதித்துக்கொண்டு அப்பாற் சென்றது. இரண்டாம்முறை அக்சிலேற்றரைச் சற்றே அழுத்தியபடி திருப்பினான். வண்டி சொன்ன சொல் கேட்கும் மாடுபோல ஒதுங்கிற்று. ஏழெட்டு முறை இவ்வாறே செய்தபின் கரைக்கு வந்தான்.

“விட்டா நேரை போகுது மாமா; பிடிச்சாத்தான் கேக்குது” என்றான்.

முதல்நாள் வண்டி கொடுத்த இளைஞர் கரையில் நின்று இதனையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தின் பின் வெளிநாட்டுத் தம்பதியர் இருவர் வண்டி கேட்டு வந்தனர். அவர் அக்சிலேற்றரைக் காட்டினார். பின்பு கைப்பிடியைக் காட்டினார். பின்பு நீரில் இன்னும் மிதந்துகொண்டிருந்த அந்த மட்டையைச் சுட்டிக் காட்டி ஏதோ நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.